செத்த என்ஜினும் சாகாத வண்டியும்

எங்கள் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு இளைஞர்கள் வீடு தேடி வந்தார்கள். "பழைய வண்டி. என்ஜின் போயிடுச்சு. குறைஞ்ச செலவுல ரீகண்டிஷன் என்ஜின் போடலாமா, இல்ல எடைக்குப் போட்டுடலாமா? இதை எப்படி முடிவு பண்றதுன்னு உங்க அனுபவத்துல இருந்து எழுதுங்க சார்" என்றார்கள். "சார்" என்று சொன்னதால் ஒப்புக்கொண்டேன். பட்டறையில் இருந்த காலம் முழுக்க என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட பெயர்களை மலரில் அச்சடிக்க முடியாது.

இப்போதெல்லாம் ஒரு கருவியை மாட்டினால் வண்டிக்கு என்ன நோய் என்று அதுவே எழுதிக் காட்டிவிடுகிறதாம். எங்களிடமும் அப்படி ஒன்று இருந்தது. அதன் பெயர் தேவசகாயம் மேஸ்திரி. எழுதித்தான் காட்டாது. பல சமயம் பேசவும் செய்யாது.

நான் அவரிடம் வந்து சேர்ந்த கதை சின்னது. என் அப்பா என்னைச் சாமியாராக்கும் ஆசையில் குருமடத்துக்கு அனுப்பினார். ஜெபத்தில் இருப்பதைவிட அதிக பக்தி எனக்குப் பெரிய சாமியாரின் மோட்டார் சைக்கிள் மேல் இருப்பதைக் கண்டுபிடித்து, அதைப் பிரித்துப் போட்ட என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைக்குப் போகிற பாதையில் இருந்த ஒரு பட்டறையில் கொண்டுவந்து விட்டார். வண்டி கழுவினேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், திட்டு வாங்கினேன், மெக்கானிக் ஆனேன். எல்லாரும் இப்படித்தான் ஆனார்கள், எனக்குத் திட்டு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

மேஸ்திரி மெலிந்த மனிதர். சட்டையைக் கழற்றி, இஸ்திரிக் கடையில் இருந்து வந்தது போல நாலாக மடித்து வைத்துவிட்டுத்தான் வண்டியைத் தொடுவார். என்ஜின் போய்விட்டது என்று வருகிறவர்கள் முதலில் பானெட்டைத்தான் தூக்குவார்கள். மேஸ்திரி விடமாட்டார்.

"மூடுங்க, மூடுங்க. அவன்தான் செத்துட்டான்னு நீங்களே சொல்லிட்டீங்களே, அவன் மூஞ்சியப் பாத்து என்ன ஆவப்போவுது? உசிரோட இருக்கறவங்களப் பாப்போம்."

முதலில் கதவுகள். ஒவ்வொரு கதவையும் பாதி திறந்து கையை எடுத்துவிடுவார். தானாகப் போய்ப் பொருந்துகிறதா, தொங்கிப்போய் இடிக்கிறதா என்று சத்தத்தை மட்டும் கேட்பார். பிறகு தூக்குக்குண்டு. சுவர் நேராக இருக்கிறதா என்று கொத்தனார் பார்ப்பாரே, அதேதான். வண்டியின் அடிச்சட்டத்தில் நான்கு மூலைகளில் இருந்தும் அதைத் தொங்கவிட்டு, குண்டு காட்டும் இடத்தில் தரையில் சாக்கட்டியால் புள்ளி வைப்பார். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடிப்பார். இரண்டு நூலும் ஒரே நீளம் என்றால் சட்டம் நேராக இருக்கிறது. நீளம் மாறினால் வண்டி எந்தப் புளியமரத்தையோ கட்டிப்பிடித்திருக்கிறது. "ஒரு நாளும் எதுலயும் மோதுனதில்லீங்க" என்று வண்டிக்காரர் ஒரு பக்கம் சத்தியம் செய்துகொண்டிருப்பார். தரையில் நாலு புள்ளிகள் வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கும்.

அடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான முளைக்குக் கிங் பின் என்று பெயர். அது தேய்ந்திருந்தால் சக்கரம் கிழவன் பல் போல ஆடும். கடைசியில் ஒரு மொட்டை ஸ்குரூ டிரைவரோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து, தரைத் தகட்டைக் குத்திக் குத்திப் பார்ப்பார். வெகுநேரம் சத்தமே வராது. "மேஸ்திரி ஆழமா யோசிக்கறாருங்க" என்று நான் வண்டிக்காரர்களிடம் சொல்வேன். சில நாள் குறட்டை வந்து என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவும் தேறினால்தான் என்ஜினுக்கு வருவார். தேறாவிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு, "போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க, பேசிக்கலாம்" என்பார். வெறும் வயிற்றில் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை. இது ஊர் முழுக்கத் தெரிந்துபோய், மேஸ்திரி சும்மா "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாலே வண்டிக்காரர்களுக்கு முகம் வெளுக்கும். அவர் மகள் கல்யாணத்தில் பந்தி ஓரத்தில் நின்று "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றதும் இரண்டு டாக்சிக்காரர்கள் எழுந்து ஓடிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது நான்தான்.

இந்தச் சடங்கெல்லாம் எதற்கு என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. புரியவைத்தவர் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்த ஒரு பெரிய மனிதர். மேஸ்திரி வேளாங்கண்ணிக்குப் போயிருந்த சமயம் பார்த்து அவர் வண்டி வந்தது. என்ஜின் போய்விட்டது. நான் பானெட்டைத் திறந்தேன், மூடினேன், "புதுசா ஒண்ணு போட்டுடலாம்" என்றேன். எங்கோ இருந்து பச்சைப் பெயின்ட் பளபளக்க ஒரு ரீகண்டிஷன் என்ஜின் மலிவாக வந்தது. மாட்டினேன். உறுமியது. எனக்கே புல்லரித்தது.

உறுமிய என்ஜின் வண்டியை இழுத்தது. அடிச்சட்டம் நடுவில் துருப்பிடித்து, அப்பளம் போல இருந்திருக்கிறது. ஒரு வாரத்தில் சட்டம் நடுவில் தொய்ந்து, நான்கு கதவுகளும் நிலைக்குள் இறுகிவிட்டன. அதுவும் எப்போது? பட்டப்பகலில், கடைவீதியில், அவர் கடைக்கு நேர் எதிரே. பெரிய மனிதர் உள்ளே, உலகம் வெளியே. கடைசியில் அவருடைய மூட்டை தூக்கும் ஆட்களே வந்து, பருப்பு மூட்டை இறக்குகிற லாவகத்தோடு அவரை ஜன்னல் வழியாக இறக்கினார்கள். அவர் இறங்கும்போது கத்தியது ஒன்றுதான்: "டேய், கொக்கி மட்டும் போட்டுறாதீங்கடா!"

மேஸ்திரி திரும்பி வந்து எல்லாம் கேட்டார். "என்ஜின் எப்படி இருக்குது?"

"அது நல்லா ஓடுதுண்ணே."

"அப்ப உன் வேலை சுத்தம்டா லூர்து. வண்டிதான் கூட வரல."

இனி ஜேடர்பாளையத்து வண்டி. மலரில் இடமில்லாவிட்டால் மேலே எழுதியதை வெட்டிக்கொள்ளலாம், இதை வெட்டக் கூடாது.

ஐம்பதுகளின் கடைசி. ஒரு காலை நேரம் பட்டறை வாசலில் வெல்ல லாரி ஒன்று வந்து நின்றது. லாரியின் மேல் ஒரு கறுப்புக் கார். யுத்தத்துக்கு முந்தைய சீமை வண்டி. அந்தக் காரின் டிரைவர் சீட்டில் முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, லாரியையே தான்தான் ஓட்டிவந்தது போல உட்கார்ந்திருந்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? "ஏங்க, லாரிய ஓட்டுனது நீங்களா, கீழ இருக்கறவரா?"

அவர் சிரித்தார். "ரெண்டு பேரும் சேந்தேதானுங்க வந்தோம்."

அவர் பெயர் ராமசாமி. சிறு வயதில் காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பார். லாரியின் முன்பக்கத்தில் இருந்து அவருடைய அண்ணன் பழனியப்பனும் அண்ணன் மனைவி பாப்பாயியும் இறங்கினார்கள். பழனியப்பன் தோளில் துண்டை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டே பேசினார்.

"எங்கப்பா வாங்குன காருங்க. இஞ்சின் போயிருச்சு. கம்மி செலவுல வேற இஞ்சின் போட்டுக் குடுத்தீங்கன்னா, தம்பி வாடகைக்கு ஓட்டுவானுங்க. நாமக்கல்லுக்கும் பரமத்திக்கும் ஆளுக போய்க்கிட்டும் வந்துக்கிட்டும்தான் இருக்கறாங்க. அவனால காட்டு வேல ஆவாதுங்க. அவனுக்குன்னு ஒரு தொழில் ஆவோணும்." குரலைத் தாழ்த்தினார். "வெல்லம் வித்த காசுங்க. இந்த ஒருக்காதான் முடியும். தப்பாப் போச்சுன்னா மறுக்கா ஆவாதுங்க."

மேஸ்திரி பூசைக்குப் போயிருந்தார். வரட்டும் என்று நான் இருந்திருக்கலாம். ஆனால் மளிகைக்காரரிடம் கற்ற பாடத்தால் இந்த முறை வேறு விதமாக முட்டாளாக வேண்டும் என்று எனக்கு விதி. அன்று அவசரப்பட்டு வாழவைத்தேன். இன்று அவசரப்பட்டுச் சாகடித்தேன்.

மீட்டரைப் பார்த்தேன். தொண்ணூறாயிரம் மைலைத் தாண்டி நின்றது. எண்ணெயை விரலில் தொட்டேன். தண்ணீராக ஓடியது, சீமெண்ணெய் நாற்றம். கைப்பிடியை மாட்டிச் சுற்றினேன். என்ஜின் நல்ல நிலையில் இருந்தால் கை எதிர்ப்பை உணர வேண்டும். இது காலி ஆட்டுக்கல் போல வழுக்கிக்கொண்டு சுற்றியது. கிளட்ச் மிதியின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து வேறு சிரித்தேன்.

"என்ஜின் மட்டும் இல்லீங்க, தொண்ணூறாயிரம் மைல் நம்ம ரோட்டுல ஓடுன வண்டி, மத்ததும் போயிருக்கும். நான் வேதக்காரன். எங்க கோயில்ல கடைசி நேரத்துல அவஸ்தை பூசுதல்னு ஒண்ணு உண்டு, நெத்தியில எண்ணெய் தொட்டு வைப்பாங்க. இதுக்கு அத வேணா செய்யலாம், வேற செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை."

சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. பழனியப்பன் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ராமசாமி காரின் மட்கார்டில் கையை வைத்தபடி அண்ணனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் என்னங்கண்ணா பண்றது?"

பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற என் வாயை மூடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மேஸ்திரி வந்தார். சட்டையை மடித்து வைத்தார். நான் "பாக்கவே வேண்டாம்ணே, தொண்ணூறாயிரம்" என்றேன். அவர் காதில் அது ஏறவில்லை. கதவைப் பாதி திறந்து விட்டார்.

டொப்.

பெட்டிக்கு மூடி போட்டது போல ஒரே சத்தம். அடுத்த கதவு, அதே டொப். நான்கும் அப்படியே. மேஸ்திரியின் புருவம் ஏறியது. தூக்குக்குண்டு வந்தது, நூல் வந்தது. மூலைக்கு மூலை நூல்கள் மயிரிழை மாறவில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டினார். அசையவில்லை. பிரேக்கைப் பிரித்தார். உள்ளே பட்டை புதிதாகக் கனத்து இருந்தது. அடியில் படுத்துக் குத்தினார். தகடு மணி போல ஒலித்தது. அன்று அவர் தூங்கவில்லை.

வெளியே வந்து என்னைத் தனியே கூப்பிட்டார். "மீட்டரை மாத்தியிருக்காங்கடா. இது இருபதாயிரம்கூட ஓடாத வண்டி."

"மீட்டரை மாத்தறவன் குறைச்சுத்தானே வைப்பான்? கூட்டி வைக்க அவனுக்குக் கிறுக்கா? என்ஜினைப் பாருங்கண்ணே, தொண்ணூறாயிரமும் ஓடியிருக்கு."

"என்ஜின் மட்டும் ஊருக்குப் போயி, வண்டி ஊட்டுலயே இருந்துச்சா?"

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம். பிறகு மேஸ்திரி பழனியப்பனிடம் போனார். "கவுண்டரே, எங்ககிட்ட எதையோ சொல்லாம மறைக்கறீங்க. பரவால்ல. போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க, பேசிக்கலாம்."

லாரி டிரைவர் வழியில் அவர்களுக்கு இந்த வாசகத்தின் பொருளைச் சொல்லியிருக்கிறார் போல. பழனியப்பன் முகம் செத்துவிட்டது. பாப்பாயி மட்டும் அசையவில்லை.

"கட்டுச்சோறு கொண்டாந்திருக்கறமுங்க. இங்கயே தின்னுக்கறோம். நீங்க பாக்கறதப் பாருங்க." வேப்பமரத்தடியில் மூட்டையைப் பிரித்து, தண்ணீர் தெளித்து, கணவருக்கும் கொழுந்தனுக்கும் புளிச்சோறு வைத்தார். எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தார். சற்று முன் அவர்கள் வண்டிக்கு அவஸ்தை பூசுதல் கொடுக்க இருந்தவன் நான். வெட்கமில்லாமல் வாங்கித் தின்றேன்.

மேஸ்திரி பின் அச்சைத் திறந்தார். அச்சின் நடுவில் இருக்கும் உருண்டைப் பெட்டிக்குள் சில சின்னப் பல்சக்கரங்கள் உண்டு. நேரான ரோட்டில் அவற்றுக்கு வேலை இல்லை, சும்மா உட்கார்ந்து வரும். வளைவில் ஒரு சக்கரம் வேகமாகவும் மறு சக்கரம் மெதுவாகவும் ஓடும்போதுதான் அவை சுற்றும். அந்த வண்டியில் அவை அரையோ அரை என்று அரைபட்டுக் கிடந்தன.

"முன்னாடி எல்லாம் புதுசு. இது மட்டும் இந்தக் கதி" என்றார் மேஸ்திரி. "இந்த வண்டி நேரா போனதே இல்லையாடா?"

"ஒரே கோயிலைச் சுத்திச் சுத்தி வந்திருக்கும்ணே."

"அப்படின்னா கிங் பின் தேஞ்சிருக்குமே."

"அப்ப ஒரு பக்கத்துச் சக்கரம் சேத்துல மாட்டி, தொண்ணூறாயிரம் மைலும் அங்கயே நின்னு சுத்தியிருக்கும்!"

மரத்தடியில் இருந்து ஒரு பெரும் சிரிப்பு. பாப்பாயி சோற்றுக் கையோடு சிரித்துக்கொண்டிருந்தார். பழனியப்பன் "ஏபுள்ள, பேசாம இரு" என்றார். அந்த அம்மா பேசாமல் இருக்கிற ஆள் இல்லை.

"ஏனுங்க, இன்னும் எத்தன நேரத்துக்கு வெக்கப்பட்டுகிட்டு உக்காந்திருப்பீங்க? நானே சொல்லிப்போடறேன்." எங்கள் பக்கம் திரும்பினார். "இந்தத் தம்பி சொல்றதுதானுங்க நெசம். சேறு மட்டும்தான் இல்ல. எங்க மேட்டுக் காட்டுக்கு வாய்க்கா தண்ணி ஏறாதுங்க, கெணறுதான். மாமனார் தவறுன வருசம் மழ இல்ல. தண்ணி பாதாளத்துக்குப் போயிருச்சு. எருதுக தோல் சாலக் கட்டிக் கவலை இழுத்து மாளல. இவுரு இந்தக் காரக் கெணத்து மேட்டுல கொண்டாந்து நிறுத்தி, ஒத்தச் சக்கரத்தத் தூக்கி வச்சு, டயரக் கழட்டிப்போட்டு, பெல்ட்ட மாட்டிப் பம்பு ஓட்டுனாருங்க. அன்னைக்குப் புடிச்சு எங்க கரும்பு, வெத்தல எல்லாம் இந்தக் காரு எறைச்ச தண்ணிதான். இப்பக் கரண்டு வந்துருச்சு, மோட்டாரு போட்டாச்சு."

பழனியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "ஊருல கார்ல தண்ணி எறைக்கறவன்னு பட்டப்பேருங்க. சேலத்துலயும் சிரிப்பாங்கன்னுதான். பெட்ரோல் கட்டுப்படியாவாம சீமெண்ணெயக் கலந்து வேற ஊத்துனமுங்க. அது தெரிஞ்சா நீங்க வண்டியத் தொடவே மாட்டீங்கன்னு..."

"அப்ப மேல உக்காந்து இதெல்லாம் பாத்துக்கிட்டது யாரு?" என்று கேட்டார் மேஸ்திரி.

"நாந்தானுங்க" என்றார் ராமசாமி. "விடியால ஏறுனா பொழுதுக்கும் உள்ளதான் இருப்பேன். எச்சா ஓட்டுனா பெல்ட்டு அந்துபோவும், கம்மியா ஓட்டுனா தண்ணி ஏறாது. காலு கிளட்சுக்கு எட்டாதுங்க, அதுக்குத்தான் அந்தக் கட்ட."

எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அண்ணனுக்குக் கரண்டு வந்தது வரம். தம்பிக்கு அது சீட்டுக் கிழிப்பு. ஊரில் எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தபோது, கால் சரியில்லாத இந்த மனிதருக்கும் ஒரு வேலை இருந்தது. நிற்கிற காரில் ஏறி உட்கார்ந்து காட்டுக்கே தண்ணீர் ஓட்டுகிற வேலை. ஒரு சுவிட்ச் வந்து அதை எடுத்துக்கொண்டது.

மேஸ்திரி பின்சக்கரத்து டயரைக் கழற்றச் சொன்னார். பெல்ட் ஓடி ஓடி அந்த இரும்பு வளையம் கல்யாணத் தாம்பாளம் போல மின்னியது. அதில் தன் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். பட்டறைக்கு நான் வந்த நாள் முதல் அவர் சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"வண்டி ஓடவே இல்லடா லூர்து. என்ஜின்தான் ஓடியிருக்குது, அதோட சேந்து மீட்டரும். உசிரோட இருக்கறவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க."

சிரித்து முடித்ததும் பழைய முகம் வந்துவிட்டது. வண்டி தேறிவிட்டது, என்ஜின் எது? கடைவீதியில் கிடைக்கும் மலிவு என்ஜினை வாங்கி மாட்டலாம். "பச்சைப் பெயின்ட் அடிச்சதா?" என்று மேஸ்திரி என்னைப் பார்த்துக் கேட்டதால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. மிச்சம் ஒரே வழிதான். இதே என்ஜினின் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் பெரிய வார்ப்பு இரும்பை, வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் பிளாக்கில் வெடிப்பு இருந்தால் அதோடு சரி. பல வருடம் நாள் முழுக்க நின்ற இடத்தில் ஓடிய என்ஜின்; காற்றே படாமல் காய்ந்து வெடித்திருக்கத்தான் நியாயம்.

பிளாக்கைக் கழற்றிக் கழுவினோம். மேஸ்திரி அதன் மேல் சீமெண்ணெய் பூசி, நன்றாகத் துடைத்து, சாக்கட்டியை மாவாக்கித் தூவினார். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளை மாவில் கறுப்புக் கோடாக வரும். நாங்கள் ஐந்து பேரும் அதைச் சுற்றி நின்றோம். ராமசாமி கீழே உட்கார்ந்து முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் மூச்சில் மாவு பறந்துவிடும் என்று மேஸ்திரி அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துவைத்தார். நான் வாழ்க்கையில் ஒரு ஜோக்கும் சொல்லாமல் இருந்த நேரங்களில் அது ஒன்று.

மாவு வெள்ளையாகவே இருந்தது.

"எப்படிங்க காயாம இருந்துச்சு?" என்றார் மேஸ்திரி.

"பம்புத் தண்ணிலயே ஒரு கொழாய் எடுத்து இஞ்சினுக்குள்ள உட்டு வச்சிருந்தேனுங்க" என்றார் ராமசாமி. "கெணத்துத் தண்ணி, ஜில்லுனு இருக்கும். அது குளிச்சுக்கிட்டேதான் ஓடுச்சு."

மேஸ்திரி சாக்கட்டி படிந்த கையைத் தட்டிக்கொண்டார். "போடலாம்" என்றார். "சாப்பிட்டுட்டு வாங்க" என்று சொல்லாமலே.

வேலை நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிலிண்டர்களுக்குள் புது உறை, புது பிஸ்டன், கிராங்கைச் சாணை பிடித்து அதற்குப் புதுத் தாங்கிகள். இதில் காசைப் பிடிக்கவில்லை. பின் அச்சின் பல்சக்கரங்கள் காயலான் கடையில் கிடந்த அதே ஜாதி வண்டியில் இருந்து கிடைத்தன. வெளியே தெரிகிற பெயின்ட், சீட்டுத் துணி, பித்தளைப் பளபளப்பு எதிலும் கை வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததில் செலவு செய், தெரிவதில் மிச்சம் பிடி என்பது மேஸ்திரியின் கணக்கு. என் கணக்கு அதுவரை நேர் தலைகீழாக இருந்தது. மரக்கட்டையை எடுத்துவிட்டு, கிளட்ச் மிதியை இரும்பாலேயே உயர்த்தி வெல்டு வைத்தோம்.

என்ஜின் கைப்பிடியின் முதல் சுற்றிலேயே எழுந்தது. ராமசாமி ஏறினார். கியர் போட்டது வெண்ணெயில் கத்தி இறங்கினது போல இருந்தது. வண்டி நகர்ந்தது. உடனே அவர் தலையை இடது தோளுக்கு மேல் திருப்பிப் பின்னால் பார்க்க ஆரம்பித்தார். வண்டி நேராகப் போய்ப் பட்டறைத் தண்ணீர்த் தொட்டியில் முட்டி நின்றது. வண்டிக்கும் பழக்கம் விடவில்லை.

நான் ஓடினேன். "ஏங்க, எதுக்குப் பின்னால பாத்தீங்க?"

"தண்ணி வருதான்னு பாத்தனுங்க."

பழனியப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டார். சாயங்காலம் மேஸ்திரியிடம் தயங்கித் தயங்கி வந்தார். "வேற டிரைவர் வச்சுக்கலாமுங்களா? தம்பி கூட உக்காந்து வரட்டும்." ராமசாமிக்கு அது கேட்டுவிட்டது. போய்க் காரில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என்ஜின் ஓடவில்லை.

மேஸ்திரி அதைப் பார்த்தார். "கவுண்டரே, தொண்ணூறாயிரம் மைல் அனுபவம் உள்ள டிரைவர் இந்தச் சேலத்துல எனக்குத் தெரிஞ்சு வேற யாரும் இல்லை. அவருக்கு ரோடு மட்டும்தான் புதுசு. பழகிக்குவாரு. லூர்து கூட இருப்பான்."

லூர்துவை யாரும் கேட்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தலை திரும்பும் போதெல்லாம் "முன்னால! முன்னால!" என்று கத்தினேன். என் தொண்டை கட்டிக்கொண்டது. ரிவர்ஸ் மட்டும் நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நூல் பிடித்தது போல வருவார். "ரிவர்ஸ்லயே லைசென்ஸ் குடுத்தா இன்னைக்கே ஊர் போய்ச் சேந்துருவாரு" என்று நான் சொன்னதற்கு முதலில் சிரித்தவர் அவர்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தலை முன்னால் நின்றது. லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி அவர் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஓட்டச் சொல்லி வண்டியைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

ஊருக்குத் திரும்பும் நாளில் நானும் கூடப் போனேன். புதுப்பித்த என்ஜினை ஆரம்பத்தில் விரட்டக் கூடாது. அதைக் கவனிக்க மேஸ்திரி என்னை அனுப்பினார். முன்னால் நானும் ராமசாமியும். பின்னால் பழனியப்பனும் பாப்பாயியும். நாமக்கல் வரைக்கும் எங்களை முந்தாதவர்கள் மாட்டு வண்டிக்காரர்கள் மட்டும்தான். ஒரு சைக்கிள்காரர் முந்திப் போய், புளியமரத்தடியில் இளைப்பாறி, மறுபடி முந்தினார். பாப்பாயி அவருக்குக் கையசைத்தார். பழனியப்பன் கை கதவை இறுகப் பிடித்திருந்தது, பரமத்தி தாண்டியதும்தான் விட்டது.

மாலை வெயிலில் ஜேடர்பாளையம் வந்தது. கரும்புக் காடு, வெற்றிலைக் கொடிக்கால். "அந்தா, எங்க ஊடு" என்று பாப்பாயி விரலை நீட்டினார். வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் கிணற்று மேடு. பல வருடம் சக்கரம் நின்ற இடத்தில் புல் முளைக்காத ஒரு வழுக்கை. ராமசாமி அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். கால் பிரேக்குக்குப் போகவில்லை.

வீடு கடந்தது. வாசலில் நின்றவர்கள் கடந்தார்கள்.

"டேய் ராமசாமி!" பழனியப்பன் முன் சீட்டைத் தட்டினார். "ஊடு தாண்டிப் போச்சுடா!"

"தெரியுமுங்கண்ணா."

"அப்பறம் எங்கடா போற?"

"ஆத்து அணைக்குங்க. அதுக்கு அப்பறம் ரோடு எப்படிப் போவுதுன்னு பாத்துப்போட்டு வாரேன்."

பழனியப்பன் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? எனக்குக் கடைசி பஸ் போய்க்கொண்டிருந்தது. பாப்பாயி சேலைத் தலைப்பைக் காற்றுக்கு இழுத்துச் செருகிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "உடுங்க. இத்தன வருசம் நின்னவரு, சித்த போயிட்டு வரட்டும்."

என் வேலையை நான் பார்த்தேன். எண்ணெய் அழுத்த முள் நின்ற இடத்தில் அசையாமல் நின்றது. அதைச் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் கண் ரோட்டை விட்டு நகரவில்லை.